எழுநூற்று இருபதாவது எடை

ஆகாயப் பல்லக்குக் கம்பெனியைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். நான் அப்படிப் பேசப்போவதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கம்பெனி ஏரியின் இந்தக் கரையில் இருக்கும் மூன்று கேளிக்கைப் பூங்காக்களையும் அந்தக் கரையில் இருக்கும் ஐந்து பெரிய ஹோட்டல்களையும் ஒரே கம்பியால் இணைத்து, அதில் தொண்ணூறு கண்ணாடிப் பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறது. நாமாக இருந்தால் ரோப் கார் என்று சொல்லிவிட்டுப் போவோம். கம்பெனிக்குள் யாராவது அப்படிச் சொன்னால் அரை நாள் நன்னடத்தை வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே அது ஆகாயப் பல்லக்கு. பெட்டி நடுவானில் நின்றுபோனால் அதற்கு ரசிப்பு இடைவேளை என்று பெயர்.

தொண்ணூறு பெட்டிகளுக்கும் சீட் தைத்தவர் ஒரே ஆள். எல்லோரும் அவரைத் தையல்காரர் என்றே கூப்பிடுவார்கள். பெட்டிக்கு எட்டு சீட், ஆக எழுநூற்று இருபது. கடைசி சீட்டுக்கு உறை மாட்டும்போது முதல் சீட் கிழிந்திருக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இத்தனை சீட்டில் ஒன்றில்கூட உட்கார்ந்து அவர் அக்கரைக்குப் போனதில்லை. ஊழியர்கள் பல்லக்கில் ஏறக் கூடாது என்று விதி இருக்கிறது.

இதில் வம்பு என்னவென்றால் அவர் மனைவிக்கு வேலை அக்கரையில். ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை, அங்கேயே தங்கல். இவருக்கு இக்கரை ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை. கம்பி வழியாகப் போனால் இருபது நிமிடம். ஏரியைச் சுற்றிக் கம்பெனி பஸ்ஸில் போனால் இரண்டேகால் மணி நேரம். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அதிலும் பாதி பஸ்ஸிலேயே போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒரு சேதி சொன்னார். கடற்கரைப் பக்கம் பன்னிரண்டு அறை உள்ள சின்ன ஹோட்டல் நடத்தும் ஓர் அம்மாளுக்குப் புருஷன் பெண்டாட்டியாக ஆள் தேவையாம். மனைவி துணிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கணவர் மெத்தை, சோபா, திரைச்சீலைகளை. தங்க வீடு உண்டு. அந்த அம்மாள் புதன்கிழமை சலவைக்கூடத்துக்கே வருகிறார். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் இரண்டு பேரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும்.

"இப்பப் போய் வேலைய விடச் சொல்றியே," என்றார் தையல்காரர். "என்னைத் தலைமை இருக்கை அலுவலரா ஆக்கப்போறாங்களாம்."

"நாலு வருஷமா ஆக்கிட்டேதான் இருக்காங்க," என்றார் மனைவி. "இதப் பாருங்க, புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். வந்தீங்கன்னா ரெண்டு பேருமா போவோம். வரலைன்னா நான் மட்டும் போறேன், தனியாளுக்கும் இடம் இருக்காம். அப்புறம் பஸ்ஸெல்லாம் பத்தாது, ரயிலேறித்தான் வந்து பாக்கணும்."

தையல்காரர் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு நிஜமாகவே உத்தரவு வந்தது. தலைமை இருக்கை அலுவலர் என்று பொறித்த பித்தளைப் பட்டை ஒன்றும் கூடவே வந்தது. அவருக்கு ஒரே பூரிப்பு. பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு உத்தரவின் இரண்டாவது வரியைப் படித்தார். தலைமை இருக்கை அலுவலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லா இருக்கைகளையும் நேரில் பார்வையிட வேண்டும் என்று இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பட்டையைக் கழற்றி ஊசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் பஸ்களைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அன்று பல்லக்கின் பத்தாம் ஆண்டு விழா. அரசாங்கத்திலிருந்து சான்றிதழ் அதிகாரி வந்து, எல்லாப் பெட்டிகளிலும் முழுப் பாரம் ஏற்றி ஓடவிட்டுச் சோதிக்கும் நாளும் அதுதான். அந்த நேரத்தில் பஸ் ஓடினால் பல்லக்கின் மேல் கம்பெனிக்கே நம்பிக்கை இல்லை என்று அதிகாரி நினைத்துவிடுவாராம். மனைவிக்குப் போன் போட்டார். சலவைக்கூடத்தில் வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். அது உள்ளே பெட்டிக்குள் அடித்து ஓய்ந்தது.

வேறு வழியில்லாமல் பல்லக்கு நிலையத்துக்கே போனார். வாசலில் சூப்பர்வைசர் அம்மா கழுத்தில் விசிலோடு நின்றிருந்தார்.

"மேடம், அவசரமா அக்கரைக்குப் போகணும்."

"நீங்க விருந்தாளியா?"

"தையல்காரர் மேடம். நேத்துகூட உங்க நாற்காலிக்கு உறை தைச்சுக் குடுத்தேனே."

"தெரியுது. நான் கேட்டது விருந்தாளியான்னு."

"டிக்கெட் வாங்கிக்கிறேன் மேடம்."

"டிக்கெட் எடுத்துட்டா ஊழியர் விருந்தாளி ஆயிடுவாரா? என்னங்க நீங்க, விவரம் தெரிஞ்சவரு இப்படிப் பேசறீங்க. அதுவுமில்லாம இன்னைக்கு விருந்தாளிக்கே இடம் கிடையாது. எடைக்கு மட்டும்தான்."

எடை என்பது நீல நிற பிளாஸ்டிக் டிரம். ஒரு விருந்தாளியின் சராசரி எடை எழுபத்தைந்து கிலோ என்று கம்பெனி முடிவு செய்து, டிரம்மில் அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் ஊற்றி, ஒரு சீட்டுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எழுநூற்றுப் பத்தொன்பது டிரம் ஏறிவிட்டது. கடைசிப் பெட்டியில் ஒரு சீட் காலி. அதற்கான டிரம்மைப் பாதியாக வெட்டி, விழா மேடையில் இரண்டு பக்கமும் பூந்தொட்டியாக வைத்துவிட்டார்கள். நிர்வாக இயக்குநருக்குப் பூ என்றால் உயிர்.

சூப்பர்வைசர் அம்மா காலிச் சீட்டைப் பார்த்தார். பிறகு தையல்காரரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இவ்வளவு அன்பாக அவர் யாரையும் பார்த்து ஊழியர்கள் கண்டதில்லை.

"உங்க எடை என்ன?"

"அறுபத்தொண்ணு."

"பதினாலு குறையுதே. வேற என்ன இருக்கு உங்ககிட்ட?"

தையல் மிஷினின் தலைப்பாகம் பதினாலு கிலோ. அதைப் பட்டறையிலிருந்து தூக்கிவரச் சொல்லி மடியில் வைத்தார்கள். சட்டையில் 'சோதனை எடை 720' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். படிவத்தில் பொருள் என்ற இடத்தில் நீர், மணல், இதர என்று மூன்று கட்டங்கள் இருந்தன. சூப்பர்வைசர் அம்மா இதரவில் டிக் போட்டார்.

"சங்கடப்படாதீங்க. இந்தக் கட்டத்துல இதுவரைக்கும் யாருமே வந்ததில்ல. நீங்கதான் முதல்."

"அக்கரைக்குப் போயிடும்ல மேடம்?"

"பெட்டி அக்கரைக்குத்தான் போகும்."

கம்பெனி எப்போதும் பொய் சொல்வதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டி போகும் என்றுதான் அவர் சொன்னார்.

இரண்டே முக்காலுக்குப் பெட்டி கிளம்பியது. எடைகள் சீட்டை அழுக்காக்கிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார்கள். தையல்காரருக்கும் விரித்திருந்தார்கள். ஆக, தான் தைத்த சீட்டில் அவர் அப்போதும் உட்காரவில்லை, தாளில்தான் உட்கார்ந்தார். கூட ஏழு டிரம்கள். ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் பக்கத்து டிரம் அவர் தோளில் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. கூரையிலிருந்த ஸ்பீக்கர் எட்டுப் பேரையும் பார்த்து, "அன்பான விருந்தாளிகளே, வலப்பக்கம் பாருங்கள்!" என்றது. தையல்காரர் மட்டும் பார்த்தார். ஏரி அழகாகத்தான் இருந்தது. இத்தனை பக்கத்திலா இருந்தாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று ஐந்துக்கு அக்கரை வந்தது. கதவு திறந்தது. அவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்றவருக்குக் கம்பெனி வைத்த பதவிப் பெயர் நுழைவு இணக்க அலுவலர். மற்றவர்களுக்கு அவர் கதவுக்காரர். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"எடை இறங்கக் கூடாதுங்க."

"அண்ணே, நான் தையல்காரர். பாத்தா தெரியலயா?"

"தெரியுதுண்ணே. ஆனா லிஸ்ட்ல எழுநூத்தி இருபது எடைன்னு இருக்கு. நீங்க இறங்கிட்டா எழுநூத்திப் பத்தொம்பதுதான் இருக்கும். எடை காணாமப் போச்சுன்னா நான் பதில் சொல்லணும்."

"சரி, யாரு இறக்கணும்?"

"ஏத்தினவங்கதான் இறக்கணும். இறக்கும் படிவம் ஏத்துன இடத்துல இருக்கும்."

கதவு மூடிக்கொண்டது. பெட்டி வளைந்து திரும்பியது. மூன்று இருபத்தைந்துக்கு இக்கரை வந்தது. சூப்பர்வைசர் அம்மா விழாவுக்காகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மேடம், என்னை இறக்கும் படிவம்..."

"அது இங்க இருக்காதே. எங்க இறக்கணுமோ அங்கதானே இறக்கும் படிவம் இருக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

கதவு மூடியது. மறுபடி அக்கரை வந்தபோது மணி மூன்று நாற்பத்தைந்து. கதவுக்காரர் இந்த முறை வணக்கம் போட்டார், ஆனால் இறக்கவில்லை. அங்கிருந்து திரும்பி ஏரியின் நடுவுக்கு வந்தபோது பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கம்பி ஓடும் சத்தம் நிர்வாக இயக்குநரின் உரைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று ரசிப்பு இடைவேளை விட்டிருந்தார்கள். தண்ணீருக்கு மேலே நூறடி உயரத்தில், ஏழு டிரம்களோடு உட்கார்ந்து, தையல்காரர் ஸ்பீக்கரில் அந்த உரையை முழுவதும் கேட்டார். கேட்காமல் இருக்க அங்கே வசதி இல்லை.

"பெரியோர்களே! இந்தப் பத்து ஆண்டில் நம் பல்லக்கைப் பற்றி ஒரு விருந்தாளிகூடக் குறை சொன்னதில்லை. குறை சொல்பவர் விருந்தாளி ஆகமாட்டார் என்று முதல் ஆண்டிலேயே தீர்மானம் போட்டுவிட்டோம். (கைதட்டல்.) நம் பல்லக்கு ஒருமுறைகூட நின்றதில்லை. ரசிப்பு இடைவேளைகள் மட்டும் நானூற்று முப்பது விட்டிருக்கிறோம். அதில் நீளமானது நாலு மணி நேரம். அன்று விருந்தாளிகள் எவ்வளவு ரசித்தார்கள் என்பதை என்னால் விவரிக்க முடியாது. அவர்கள் சொன்ன வார்த்தைகள் மேடையில் சொல்லக்கூடியவை அல்ல.

"ஊழியர்களை ஏன் ஏற்றுவதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் மேல் நாம் வைத்திருக்கும் மரியாதையால்தான்! பல்லக்குத் தூக்குகிறவனே பல்லக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டால் தூக்குவது யார்? (பலத்த கைதட்டல்.) இன்று நம் பெட்டிகளில் எழுநூற்று இருபது எடைகள் பயணிக்கின்றன. யாரும் வரிசையில் முண்டவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடவில்லை. எப்போது கிளம்பும் என்று கேட்கவில்லை. மனம் திறந்து சொல்கிறேன், விருந்தாளிகளும் இப்படியே ஆகிவிடும் நாள்தான் என் கனவு!"

கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. தையல்காரர் கதவோரம் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். உதவி மையத்திலிருந்து ஒரு பெண் குரல் பேசியது.

"வணக்கம், ஆகாயப் பல்லக்கு. உங்க ரூம் நம்பர் சொல்லுங்க."

"எனக்கு ரூம் எல்லாம் இல்லம்மா. தொண்ணூறாம் பெட்டியில உக்காந்திருக்கேன். அஞ்சு மணிக்குள்ள இறங்கியாகணும்."

"தொண்ணூறாம் பெட்டியில விருந்தாளி யாரும் இல்லையே சார். எட்டும் எடைதான்."

"அந்த எட்டுல நானும் ஒருத்தன்மா."

"சார், எடை பேசாதுங்களே."

"பேசறேனே இப்ப!"

"அப்ப பெட்டியில சத்தம் வருதுன்னு பதிவு பண்ணிக்கிறேன் சார். எங்களைத் தொடர்பு கொண்டதுக்கு நன்றி."

நாலேகாலுக்குக் கம்பி மறுபடி ஓடியது. இக்கரை வந்ததும் கையில் எண்ணெய்க் குப்பியோடு ஒரு மெக்கானிக் பெட்டிக்குள் ஏறினார். கதவின் கீல், கூரைக் கொக்கி, சீட்டின் கால் என்று ஒன்று விடாமல் எண்ணெய் விட்டார்.

"அண்ணே, தயவுசெஞ்சு யார்கிட்டயாவது சொல்லுங்க," என்றார் தையல்காரர். "நாலரை ஆயிடுச்சு. அங்க என் பெண்டாட்டி காத்துக்கிட்டிருக்கா."

மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார். "சத்தம் இன்னும் இருக்கு. ஓட ஓடச் சரியாயிடும்." எழுதி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் பெண்டாட்டி அக்கரையிலதாண்ணே," என்று சொல்லி இறங்கிப் போனார்.

தையல்காரர் கதவை நோக்கிப் பாய்ந்தார். மடியில் பதினாலு கிலோவை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு பாய முடியும்? கதவு, எண்ணெய் போட்டிருந்ததால், வழக்கத்தைவிட வேகமாக மூடிக்கொண்டது.

அந்தக் கடைசி இருபது நிமிடத்தை அவர் மறக்கமாட்டார். பாதி வழியிலேயே அக்கரை தெரிந்தது. ஹோட்டலின் பின்புறம் சலவைக்கூடத்தின் புகைபோக்கியிலிருந்து ஆவி வந்தது. அந்தக் கூரைக்கு அடியில் அவள் வாசலைப் பார்த்துப் பார்த்துத் துணி மடித்துக்கொண்டிருப்பாள். கடிகாரத்தைப் பார்ப்பாள். இவருக்குப் பதவிதான் பெரிது என்று நினைத்துக்கொள்வாள். இன்று பகல் இரண்டு மணி வரை அது உண்மையாகவும் இருந்தது, அதுதான் அவரைக் குடைந்தது. ரோப் கார் நிலையத்தைத் தாண்டாமலே ஒரு குடும்பம் கரைந்துபோகப் போகிறது, அதற்கு ஒரு படிவம்கூட இல்லை. பக்கத்து டிரம் தோளில் சாய்ந்தது. தையல்காரர் அதன் மேல் தலையை வைத்து, வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு அழுதார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மிஷினில் சொட்டி, பிளாஸ்டிக் தாளில் சின்னக் குட்டையாகத் தேங்கியது.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பெட்டி அக்கரையில் நுழைந்தது. சான்றிதழ் அதிகாரி கதவுக்காரரோடு நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் கதவுக்காரர் கத்தினார்.

"சார்! எழுநூத்தி இருபது ஒழுகுது!"

அதிகாரி எட்டிப் பார்த்தார். "இது இதரன்னு போட்டிருக்கே. இதர எப்படிய்யா ஒழுகும்?"

"விதியில 'ஏதேனும் எடையிலிருந்து நீர் கசிந்தால் உடனே இறக்க வேண்டும்'னுதான் சார் இருக்கு. எந்த எடைன்னு இல்ல."

அதிகாரி தையல்காரரின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"உப்பா இருக்கு! டிரம்முல ஏரித் தண்ணிதானே ஊத்தணும்? உப்புத் தண்ணி ஊத்தினது எவன்? கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போயிடும்யா! இறக்கு, இறக்கு, உடனே இறக்கு!"

படிவம் எங்கிருந்தோ வந்துவிட்டது. அதிகாரியே சீல் குத்தினார். ஒழுகும் எடையைத் தண்ணீர் வடியும் இடத்தில்தான் இறக்க வேண்டும் என்று அடுத்த விதி சொல்கிறது. அக்கரையில் தண்ணீர் வடிய வசதி உள்ள இடம் சலவைக்கூடம் ஒன்றுதான். நடந்தே போகிறேன் என்றார் தையல்காரர். எடை நடக்கக் கூடாது என்றார்கள். டிரம் தள்ளும் வண்டியில் நிற்கவைத்து, கயிற்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்பெனி அவருக்காக அவசரப்பட்டது.

சலவைக்கூடத்தில் கடற்கரை ஹோட்டல் அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருந்தார். தையல்காரரின் மனைவி அவரை முக்கால் மணி நேரமாகக் கிளம்பவிடாமல் பிடித்து வைத்திருந்தார். உப்புக் காற்றில் வெள்ளைத் துணி பழுப்பேறுமா என்ற ஒரே கேள்வியை ஆறு விதமாகக் கேட்டாயிற்று. ஏழாவது விதத்தை யோசித்துக்கொண்டிருந்தபோது வண்டி உள்ளே வந்தது.

"இவர்தான்," என்றார் மனைவி. "இவர்தாங்க என் வீட்டுக்காரர்."

"எப்பவும் இப்படித்தான் வருவாரா?" என்றார் அம்மாள்.

"ரெண்டு தடவை இந்தக் கரைக்கு வந்துட்டுத் திரும்பிப் போனேம்மா, இறக்க மாட்டேன்னுட்டாங்க," என்று மனைவியிடம் சொல்லி, தையல்காரர் மறுபடியும் அழுதார். அவரை அவிழ்த்துவிட்டார்கள். இருவரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"பழைய வேலையிலிருந்து விடுவிச்ச கடிதம் வேணுமே," என்றார் அம்மாள்.

அதற்குக் கம்பெனியில் மூன்று மாதம் ஆகும். மனைவியின் முகம் வாடியது. அப்போது வண்டி தள்ளி வந்தவர்களில் ஒருவர் தன் கையிலிருந்த படிவத்தை நீட்டினார். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"மேற்படி எடை ஒழுகுவதால் கம்பெனிக்கு இனித் தேவையில்லை. வேண்டுபவர் எடுத்துச் செல்லலாம்." திருப்பிப் பார்த்தார். "அரசாங்க சீல் இருக்கு, தேதி இருக்கு. எனக்கு இது தாராளம். இவ்வளவு தெளிவா எழுதின விடுவிப்புக் கடிதத்தை நான் பார்த்ததே இல்ல."

"யாராவது வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடணும்மா," என்றார் வண்டிக்காரர். "இல்லேன்னா திரும்பக் கொண்டுபோய் ஏத்திடுவோம்."

மனைவி சட்டென்று பேனாவைப் பிடுங்கினார். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே பொருளின் நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. அப்போதுதான் மடித்து வைத்த ஒரு துண்டை எடுத்துக் கணவரின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, தள்ளி நின்று ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் எழுதினார்:

"ஒழுகுகிறது. இருந்தாலும் என்னுடையதுதான்."